சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை

சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை (ஏப்ரல் 5, 1901 – ஆகஸ்ட் 31, 1950) திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, எண் கோட்பாட்டில் உலகளாவிய புகழ் பெற்ற கணிதவியலர் ஆவார். எஸ். எஸ். பிள்ளை என்ற சுருக்கப் பெயரால் பரவலாக அறியப்படுகிறார். வாரிங் பிரச்சினை எனப்படும் நூற்றாண்டுகள் பழமையான கணிதக் கேள்விக்கு இவர் கண்ட விடையே இவரது பணிகளுள் தலையாயது. பிள்ளை பகா எண்கள், பிள்ளை வரிசை, பிள்ளை சார்பு, பிள்ளை ஊகம் ஆகியவை இவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. 1950-இல் அமெரிக்காவில் நடந்த அனைத்துலகக் கணிதவியலர் பேரவையில் கலந்துகொள்ளச் சென்றபோது எகிப்தில் நேர்ந்த வானூர்தி விபத்தில் தமது 49-ஆம் அகவையில் காலமானார்.

பிறப்பும் இளமையும்

பிள்ளை குற்றாலத்திற்கு அருகிலுள்ள வல்லம் என்ற ஊரில் பிறந்தார். தந்தை சுப்பையா பிள்ளை. தாய் கோமதி அம்மாள். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தாமிரபரணியின் துணையாறான சிற்றாற்றின் நீர் பாயும் பகுதி இது. நெடுங்காலம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, 2019-இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபின் தென்காசி மாவட்டத்தில் அடங்குகிறது.

பிள்ளை பிறந்து ஓராண்டில் தாயார் மறைந்தார். உறவினரான ஒரு மூதாட்டியின் துணையுடன் தந்தையே அவரை வளர்த்தார். சிறுவனின் அறிவுக் கூர்மையைக் கண்ட சாஸ்திரியார் என்ற ஆசிரியர், பிள்ளைக்கு ஐந்து வயதானபோதே தனியாகப் பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். பிள்ளை செங்கோட்டையில் நடுநிலைப் பள்ளியில் சேர்ந்தார். சாஸ்திரியாரும் செங்கோட்டைக்கு மாற்றலாகி வந்ததால் அவ்வாசிரியரின் கண்காணிப்பு தொடர்ந்தது.

பள்ளியின் இறுதி ஆண்டில் தந்தையும் காலமானார். பெற்றோர் இருவரையும் இழந்த மாணவனின் படிப்பு அத்துடன் நின்றுபோயிருக்க வேண்டியது. சாஸ்திரியார் பொறுப்பேற்றுப் பொருளுதவி செய்து படிப்பைத் தொடரச் செய்தார். பிள்ளையின் வாழ்க்கையில் முதல் திருப்புமுனை இதுவே எனலாம்.

கல்லூரிக் கல்வி

பள்ளிப்படிப்பை முடித்த பிள்ளை, கல்வி உதவித்தொகை பெற்று நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியில் இடைநிலை வகுப்பில் சேர்ந்தார். திருநெல்வேலியிலிருந்து நாங்குநேரி, வள்ளியூர் வழியாகத் தெற்கே செல்லும் சாலை ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி நாகர்கோவிலை அடைகிறது. செங்கோட்டையும் நாகர்கோவிலும் அக்காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தவை. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோதுதான் இவை தமிழகத்துடன் இணைந்தன. எனவே, அடுத்த கட்டப் படிப்பிற்குச் சமஸ்தானத்தின் தலைநகரான திருவனந்தபுரம் செல்வது இயல்பான வழியாக இருந்தது. பிள்ளை அங்கு மகாராஜா கல்லூரியில் சேர்ந்து இளங்கலைப் பட்டம் பெற்றார். திருவிதாங்கூரில் அப்போது தனிப் பல்கலைக்கழகம் இல்லை. அங்குள்ள கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டிருந்தன.

சென்னையில் ஆய்வு

1927-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு உதவித்தொகை பிள்ளைக்குக் கிடைத்தது. மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் கே. ஆனந்தராவ், பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர். வைத்தியநாதசுவாமி ஆகியோரின் வழிகாட்டலில் ஆய்வு செய்தார். ஆனந்தராவ் கேம்பிரிட்ஜில் ஹார்டியிடம் பயின்றவர். சீனிவாச இராமானுசன் மறைந்து ஏழாண்டுகளே ஆகியிருந்த காலம் அது. இராமானுசன் தொட்டுச் சென்ற கேள்விகள் சென்னையின் கணிதச் சூழலில் உயிருடன் இருந்தன. பிள்ளையின் ஈடுபாடும் எண் கோட்பாட்டிலேயே நிலைகொண்டது. பிற்காலத்தில் இவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.எஸ்சி. பட்டமும் பெற்றார்.

பிள்ளை வரிசை

1930-இல் பிள்ளை ஆராய்ந்த ஒரு கேள்வி பள்ளி மாணவருக்கும் விளங்கக்கூடியது. ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு, அதைவிட மிகாத மிகப் பெரிய பகா எண்ணைக் கழிக்க வேண்டும். மீதியிலும் அவ்வாறே செய்ய வேண்டும். 0 அல்லது 1 வரும்போது நிறுத்திவிடலாம். எடுத்துக்காட்டாக, 100-இலிருந்து 97-ஐக் கழித்தால் 3 மீதி. 3 தானே ஒரு பகா எண். ஆகவே 100 = 97 + 3. இம்முறையில் 27-ஐப் பிரித்தால் 23 + 3 + 1 எனக் கிடைக்கிறது. ஓர் எண் இவ்வாறு எத்தனை பகுதிகளாகப் பிரியும் என்பதே பிள்ளையின் கேள்வி.

எல்லா எண்களும் இரண்டு மூன்று பகுதிகளிலேயே முடிந்துவிடுவதுபோல் முதலில் தோன்றும். ஆனால் பகா எண்களுக்கு இடையிலான இடைவெளி எவ்வளவு வேண்டுமானாலும் பெரியதாகலாம் என்பதால், பகுதிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு கிடையாது. இறுதியில் மிஞ்சும் 1-ஐயும் ஒரு பகுதியாகக் கொண்டால், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து பகுதிகள் தேவைப்படும் மிகச் சிறிய எண்கள் முறையே:

1, 4, 27, 1354, 401429925999155061

இவ்வரிசையே பிள்ளை வரிசை எனப்படுகிறது. மீதியாக 27 கிடைக்க வேண்டுமானால், 27-ஐ விடப் பெரிய இடைவெளி தனக்குப் பின்னே உள்ள ஒரு பகா எண் வேண்டும். 1327 என்ற பகா எண்ணுக்கு அடுத்த பகா எண் 1361, இடைவெளி 34. இதுவே 27-ஐ மிஞ்சும் முதல் இடைவெளி. ஆகவே 1327 + 27 = 1354 அடுத்த உறுப்பாகிறது.

அதற்கு அடுத்த உறுப்பைக் காண, 1354-ஐ மிஞ்சும் இடைவெளி தேவை. அத்தகைய முதல் இடைவெளி 401429925999153707 என்ற பகா எண்ணுக்குப் பின் வருகிறது. அதன் நீளம் 1356. அப்பகா எண்ணுடன் 1354-ஐக் கூட்டினால் மேற்கண்ட 18 இலக்க எண் கிடைக்கிறது. கையால் எழுதிப் பார்க்கக்கூடிய 1354-க்கு அடுத்த படியே கணினியின் துணையின்றி எட்ட முடியாத எண்ணாக இருப்பது இவ்வரிசையின் வியப்பு. ஆறாம் உறுப்பு இதுவரை கண்டறியப்படவில்லை. பகா எண் இடைவெளிகளைப் பற்றிக் கிராமர் முன்வைத்த ஊகம் சரியாக இருந்தால், அவ்வெண்ணில் இருபது கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் இருக்கும் என்று மதிப்பிடலாம்.

பிள்ளை பகா எண்கள்

1 முதல் ஓர் எண் வரையுள்ள எல்லா எண்களையும் பெருக்கினால் கிடைப்பது அவ்வெண்ணின் தொடர் பெருக்கம். இது ஆச்சரியக்குறியால் குறிக்கப்படுகிறது, 4! = 1 × 2 × 3 × 4 = 24. தொடர் பெருக்கத்துடன் 1-ஐக் கூட்டிக் கிடைக்கும் எண்ணின் பகாக் காரணிகளைப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தென்படுகிறது:

3! + 1 = 7. 7-ஐ 3-ஆல் வகுத்தால் மீதி 1.
4! + 1 = 25 = 5 × 5. 5-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1.
5! + 1 = 121 = 11 × 11. 11-ஐ 5-ஆல் வகுத்தால் மீதி 1.
6! + 1 = 721 = 7 × 103. இரண்டையும் 6-ஆல் வகுத்தால் மீதி 1.
7! + 1 = 5041 = 71 × 71. 71-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 1.

இந்த ஒழுங்கு எப்போதும் நிலைக்குமா என்று 1930-இல் பிள்ளை வினவினார். நிலைக்காது என்பது விடை. அடுத்த எண்ணிலேயே அது முறிகிறது: 8! + 1 = 40321 = 61 × 661. இதில் 61-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 5. லாகூரைச் சேர்ந்த கணிதவியலர் சர்வதமன் சௌலா 23 என்ற பகா எண்ணைச் சுட்டிக்காட்டினார். 14! + 1 என்பது 87178291201. இது 23 × 3790360487 எனப் பிரிகிறது. ஆனால் 23-ஐ 14-ஆல் வகுத்தால் மீதி 9. 18! + 1 என்ற எண்ணும் 23-ஆல் வகுபடுகிறது.

இவ்வாறு ஒழுங்கை மீறும் பகா எண்களே இன்று பிள்ளை பகா எண்கள் எனப்படுகின்றன. அவற்றுள் மிகச் சிறியது 23. அடுத்தவை 29, 59, 61, 67, 71, 79, 83, 109 எனச் செல்கின்றன. 71 மேலே 7! + 1-இல் ஒழுங்கிற்கு உட்பட்டாலும், 9! + 1-இன் காரணியாக வரும்போது ஒழுங்கை மீறுகிறது. இவ்வகைப் பகா எண்கள் முடிவிலி எண்ணிக்கையில் உள்ளன என்பதை ஜி. ஈ. ஹார்டியும் எம். வி. சுப்பாராவும் 2002-இல் வெளியிட்ட கட்டுரையில் நிறுவினர். இந்த ஹார்டி, இராமானுசனின் நண்பரான ஜி. எச். ஹார்டி அல்லர்.

சௌலாவுடன் கூட்டுப்பணி

பிள்ளைக்கும் சௌலாவுக்கும் இடையே 1929-இல் தொடங்கிய கடிதத் தொடர்பு பிள்ளையின் இறுதிக்காலம் வரை நீடித்தது. தென்கோடியிலும் வடகோடியிலும் இருந்த இருவரும் கணித முடிவுகளை அஞ்சலில் பகிர்ந்துகொண்டனர். 1930-இல் இருவரும் இணைந்து எழுதிய கட்டுரை இலண்டன் கணிதக் கழகத்தின் ஆய்விதழில் வெளியானது. ஆய்லரின் சார்பைக் குறிப்பிட்ட எண் வரை கூட்டும்போது ஏற்படும் பிழை உறுப்பு ஓர் அளவிற்குக் கீழ் எப்போதும் அடங்கியிருக்க முடியாது என்பதை அக்கட்டுரை காட்டியது.

அண்ணாமலைப் பல்கலைக்கழகம்

சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-இல் தொடங்கப்பட்டது. அவ்வாண்டிலேயே பிள்ளை அங்கு விரிவுரையாளராகச் சேர்ந்து 1941 வரை பணியாற்றினார். அவருடைய சிறந்த பணிகள் யாவும் இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் நிகழ்ந்தவை.

1933-இல் இவர் பல்கலைக்கழகத்தின் சொந்த ஆய்விதழில் ஒரு புதிய சார்பை ஆராய்ந்தார். ஓர் எண்ணுக்கும், 1 முதல் அவ்வெண் வரையுள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் உள்ள மீப்பெரு பொதுக் காரணிகளைக் கூட்டினால் கிடைப்பதே அச்சார்பின் மதிப்பு. 6-க்கு இது 1 + 2 + 3 + 2 + 1 + 6 = 15. பொதுக் காரணி இல்லாத இரு எண்களின் பெருக்கத்திற்கு இச்சார்பின் மதிப்பு, தனித்தனி மதிப்புகளின் பெருக்கமாகும்: 2-க்கு 3, 3-க்கு 5, ஆகவே 6-க்கு 15. இது இன்று பிள்ளை சார்பு என்று பாடநூல்களில் இடம்பெறுகிறது.

வாரிங் பிரச்சினை

1770-இல் ஆங்கிலேயக் கணிதவியலர் எட்வர்டு வாரிங் ஒரு கூற்றை நிறுவல் ஏதுமின்றி வெளியிட்டார். எந்த முழு எண்ணையும் 4 வர்க்கங்களின் கூட்டுத்தொகையாகவோ, 9 கனங்களின் கூட்டுத்தொகையாகவோ, 19 நான்காம் அடுக்குகளின் கூட்டுத்தொகையாகவோ எழுதலாம். இவ்வாறே மற்ற அடுக்குகளுக்கும் ஓர் எண்ணிக்கை உண்டு என்பது அக்கூற்று. வர்க்கங்களுக்கு லாக்ராஞ்சி அதே ஆண்டில் நிறுவினார். ஒவ்வோர் அடுக்கிற்கும் ஏதோ ஓர் எண்ணிக்கை போதும் என்பதை 1909-இல் இல்பர்ட் நிறுவினார். ஆனால் அந்த எண்ணிக்கை சரியாக எத்தனை என்பது அவர் நிறுவலிலிருந்து கிடைக்கவில்லை.

கீழ் எல்லையைக் காண்பது எளிது. ஆறாம் அடுக்கை எடுத்துக்கொள்வோம். 1-இன் ஆறாம் அடுக்கு 1. 2-இன் ஆறாம் அடுக்கு 64. 3-இன் ஆறாம் அடுக்கு 729. இப்போது 703 என்ற எண்ணை ஆறாம் அடுக்குகளின் கூட்டலாக எழுத முயன்றால், 729 பெரியது என்பதால் 64-ஐயும் 1-ஐயும் மட்டுமே பயன்படுத்த முடியும். 64-ஐ அதிக அளவாகப் பத்து முறை எடுக்கலாம். 640 போக மீதி 63. அந்த 63-க்கும் 1-ஐ 63 முறை எடுக்க வேண்டும். ஆக மொத்தம் 10 + 63 = 73 எண்கள். எனவே 73-க்குக் குறைவான எண்ணிக்கை எல்லா எண்களுக்கும் போதாது.

இதே முறையில் மற்ற அடுக்குகளுக்கும் கீழ் எல்லை கிடைக்கிறது:

வர்க்கத்திற்கு 7 என்ற எண் 4 உறுப்புகளைக் கேட்கிறது.
கனத்திற்கு 23 என்ற எண் 9 உறுப்புகளைக் கேட்கிறது.
நான்காம் அடுக்கிற்கு 79 என்ற எண் 19 உறுப்புகளைக் கேட்கிறது.
ஐந்தாம் அடுக்கிற்கு 223 என்ற எண் 37 உறுப்புகளைக் கேட்கிறது.
ஆறாம் அடுக்கிற்கு 703 என்ற எண் 73 உறுப்புகளைக் கேட்கிறது.
ஏழாம் அடுக்கிற்கு 2175 என்ற எண் 143 உறுப்புகளைக் கேட்கிறது.

பொது விதி இது: 3-இன் அடுக்கை 2-இன் அதே அடுக்கால் வகுத்துக் கிடைக்கும் ஈவை, 2-இன் அடுக்குடன் கூட்டி, 2-ஐக் கழிக்க வேண்டும். ஆறாம் அடுக்கிற்கு 729-ஐ 64-ஆல் வகுத்தால் ஈவு 11; 64 + 11 − 2 = 73. இருபதாம் அடுக்கிற்கு இவ்விதி 1051899 என்ற எண்ணிக்கையைத் தருகிறது.

கடினமானது மறுபக்கம். இவ்வெண்ணிக்கை முடிவிலி எண்களுள் ஒன்றுவிடாமல் எல்லாவற்றிற்கும் போதும் என்று காட்ட வேண்டும். ஹார்டி, லிட்டில்வுட், வினோகிராதோவ் ஆகியோர் வளர்த்த பகுவியல் முறைகளைக் கொண்டு மிகப் பெரிய எண்களைக் கையாளலாம். ஆனால் அம்முறை வேலை செய்யத் தொடங்கும் எல்லை மலைக்க வைக்கும் அளவு பெரியது. அவ்வெல்லைக்குக் கீழுள்ள எண்களை, சிறிய எண்களின் அட்டவணையிலிருந்து படிப்படியாக ஏறிச் சென்று கைக்கணக்கால் மூட வேண்டும். இவ்விரு முனைகளும் சந்தித்தால்தான் நிறுவல் முழுமையடையும்.

1930-களின் நடுப்பகுதியில் பிள்ளை சிதம்பரத்திலும் எல். ஈ. டிக்சன் அமெரிக்காவின் சிக்காகோவிலும் ஒருவரையொருவர் சாராது இதைச் சாதித்தனர். 6-க்கு மேற்பட்ட அடுக்குகளுக்கு, ஒரு சிறு நிபந்தனைக்கு உட்பட்டு, மேற்கண்ட விதி சரியான விடையைத் தருகிறது என்பது அவர்களின் முடிவு. அந்நிபந்தனையாவது: வகுத்தலில் வரும் ஈவும் மீதியும் சேர்ந்து 2-இன் அடுக்கை மிஞ்சக்கூடாது. நிபந்தனையை மீறும் அடுக்கு எதுவும் இன்றுவரை கண்டறியப்படவில்லை. மீறும் அடுக்குகள் இருந்தாலும் அவை முடிவுறு எண்ணிக்கையில்தான் இருக்கும் என்று 1957-இல் மாலர் நிறுவினார். 1990-இல் வெளியான கணினிச் சோதனை 47 கோடிக்கும் மேற்பட்ட அடுக்குகள் வரை விதியை உறுதி செய்தது.

அடுக்கு குறையக் குறையப் பிரச்சினை கடினமாகிறது. ஆறாம் அடுக்கு எவராலும் தீர்க்கப்படாமல் இருந்தது. 1940-இல் பிள்ளை 73 என்ற எண்ணிக்கை போதும் என்று நிறுவி, இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வெளியிட்டார். கணினி இல்லாத காலத்தில் செய்யப்பட்ட இப்பணியே அவரது மிகச் சிறந்த சாதனையாகக் கருதப்படுகிறது. இதன் அருமையைப் பின்னர் வந்தவை காட்டுகின்றன. ஐந்தாம் அடுக்கிற்கு 37 என்ற விடையைச் சீனக் கணிதவியலர் சென் சிங்ருன் 1964-இல்தான் நிறுவினார். நான்காம் அடுக்கிற்கு 19 என்ற விடை 1986-இல் ஆர். பாலசுப்பிரமணியன், தெசூயே, திரெஸ் ஆகிய மூவரால் நிறுவப்பட்டது. வாரிங்கின் கூற்று வெளியாகி 216 ஆண்டுகள் கடந்திருந்தன.

அடுத்தடுத்த எண்கள்

1940-ஆம் ஆண்டளவில் பிள்ளை மற்றொரு கேள்வியையும் எடுத்துக்கொண்டார். அடுத்தடுத்து வரும் எண்களின் பெருக்கம் வர்க்கமாகவோ கனமாகவோ அல்லது வேறு முழு அடுக்காகவோ இருக்க முடியுமா என்பது பழைய பிரச்சினை. அவ்வெண்களுள் ஒன்று மற்ற அனைத்துடனும் சார்பகா எண்ணாக, அதாவது 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாததாக இருந்தால், அந்த ஓர் எண்ணே முழு அடுக்காக இருந்தாக வேண்டும்; பிரச்சினை எளிதாகிவிடும்.

அடுத்தடுத்த 16 எண்கள் வரை எடுத்தால் அத்தகைய ஓர் எண் கட்டாயம் இருக்கும் என்று பிள்ளை நிறுவினார். 17 எண்களை எடுத்தால் அப்படிச் சொல்ல முடியாது. 2184 முதல் 2200 வரையுள்ள 17 எண்கள் இதற்கு எடுத்துக்காட்டு. இவற்றுள் 2197 என்பது 13 × 13 × 13. ஆனால் 2184-உம் 13-ஆல் வகுபடும். 2189-உம் 2200-உம் 11-ஆல் வகுபடும். 2191-உம் 2184-உம் 7-ஆல் வகுபடும். மற்றவை 2, 3, 5 ஆகியவற்றுள் ஒன்றால் தம் கூட்டாளியுடன் பிணைக்கப்பட்டுள்ளன. 17 முதல் 430 வரையான எந்த நீளத்திற்கும் இத்தகைய தொகுதி உண்டு என்று காட்டிய பிள்ளை, அதற்கு மேலும் இது உண்மை என ஊகித்தார். 1941-இல் ஆல்பிரட் பிரவர் அதனை நிறுவினார். பெருக்கம் பற்றிய மூலப் பிரச்சினையை, அது ஒருபோதும் முழு அடுக்காகாது என்று 1975-இல் எர்டோசும் செல்பிரிட்ஜும் முடித்துவைத்தனர்.

பிள்ளை ஊகம்

1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36 என்று செல்லும் முழு அடுக்குகளின் வரிசையில் 8-உம் 9-உம் அடுத்தடுத்து வருகின்றன. இப்படி வேறு இணை இல்லை என்று 1844-இல் கத்தலான் ஊகித்தார். பிள்ளை இதைப் பொதுமைப்படுத்தினார். எந்த எண்ணை வேறுபாடாக எடுத்துக்கொண்டாலும், அவ்வேறுபாட்டுடன் கூடிய முழு அடுக்கு இணைகள் முடிவுறு எண்ணிக்கையிலேயே இருக்கும் என்பது 1940-களில் அவர் கூறிய ஊகம்.

எடுத்துக்காட்டாக, 7 என்ற வேறுபாட்டிற்கு 8 − 1, 16 − 9, 32 − 25, 128 − 121, 32768 − 32761 என ஐந்து இணைகள் தெரியவந்துள்ளன. 6 என்ற வேறுபாட்டிற்கு ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை. 1 என்ற வேறுபாட்டிற்குரிய கத்தலான் ஊகம் 2002-இல் மிகைலெஸ்குவால் நிறுவப்பட்டது. 2 முதலான மற்ற வேறுபாடுகளுக்குப் பிள்ளை ஊகம் இன்னும் நிறுவப்படாமல் திறந்தே உள்ளது.

1930-களிலேயே பிள்ளை இதன் ஒரு பகுதியைத் தீர்த்திருந்தார். அடிகளாக இரண்டு குறிப்பிட்ட எண்களை நிலையாக வைத்துக்கொண்டால், போதிய அளவு பெரிய வேறுபாட்டை ஒரு வழியில் மட்டுமே எழுத முடியும் என்று காட்டினார். 2-இன் அடுக்கிலிருந்து 3-இன் அடுக்கைக் கழிக்கும்போது 13 இரண்டு வழிகளில் வருகிறது: 16 − 3, 256 − 243. அதைவிடப் பெரிய எந்த எண்ணும் இரண்டு வழிகளில் வராது என்ற பிள்ளையின் ஊகத்தை 1982-இல் ஸ்ட்ரோக்கரும் தைதெமானும் நிறுவினர்.

திருவனந்தபுரமும் கல்கத்தாவும்

1941-இல் பிள்ளை அண்ணாமலையை விட்டுத் திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1937-இல் தொடங்கப்பட்ட இப்பல்கலைக்கழகம், அவர் மாணவராக இருந்த அதே திருவனந்தபுரத்தில் அமைந்திருந்தது. ஓராண்டிற்குப்பின் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். செருமனியிலிருந்து வெளியேறி அங்குக் கணிதத் துறைக்குத் தலைமை தாங்கிய எப். டபிள்யூ. லெவியின் அழைப்பே இதற்குக் காரணம்.

இறுதிப் பயணம்

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரிலுள்ள உயர் ஆய்வு நிறுவனம், ஓராண்டு தங்கி ஆய்வு செய்யுமாறு பிள்ளையை 1950-இல் அழைத்தது. ஐன்ஸ்டைன் பணியாற்றிய இந்நிறுவனத்திலிருந்து வந்த அழைப்பு, ஆசிரியரின் உதவியால் படித்துவந்த ஒருவரின் ஆராய்ச்சிக்குக் கிடைத்த பெரும் ஏற்பாகும். அதே பயணத்தில், ஆகஸ்ட் 30 முதல் செப்டம்பர் 6 வரை ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் நடைபெறவிருந்த அனைத்துலகக் கணிதவியலர் பேரவையில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேராளராகக் கலந்துகொள்ளவும் ஏற்பாடாகியிருந்தது. இரண்டாம் உலகப் போரினால் தடைப்பட்டு, 1936-க்குப்பின் கூடிய முதல் பேரவை அது.

பிள்ளை பம்பாயிலிருந்து கெய்ரோ, ரோம் வழியாக நியூயார்க் செல்லும் டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் 903-ஆம் எண் வானூர்தியில் பயணம் செய்தார். ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோவிலிருந்து கிளம்பிய சிறிது நேரத்தில் வானூர்தியின் இயந்திரம் ஒன்று பழுதாகித் தீப்பற்றியது. திரும்பி வர முயன்ற வானூர்தி, நைல் ஆற்றின் கழிமுகப் பகுதியில் இத்தாய் எல் பாரூத் என்ற ஊருக்கு அருகே விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த 55 பேரும் உயிரிழந்தனர். சண்டிகர் நகரத் திட்டத்தில் பணியாற்றிய போலந்துக் கட்டடக் கலைஞர் மாசியே நோவிட்ஸ்கியும், எகிப்தியத் திரைப்பட நடிகை கமிலியாவும் அவர்களுள் அடங்குவர்.

பேரவை தொடங்கிய மறுநாள் இவ்விபத்து நிகழ்ந்தது. ஆறாம் அடுக்கைத் தீர்த்துப் பத்தாண்டுகளே ஆகியிருந்த நிலையில், தம் துறையின் முன்னணி அறிஞர்களை நேரில் சந்திக்கும் வாய்ப்பு பிள்ளைக்குக் கிட்டாமலே போயிற்று.

பின்னாளில்

பிள்ளையின் கட்டுரைகள் பல, வெளிநாட்டு நூலகங்களில் எளிதில் கிடைக்காத இந்திய இதழ்களில் வெளியானவை. இதனால் அவருடைய சில முடிவுகள் பரவலாக அறியப்படக் காலம் பிடித்தது. ஆர். பாலசுப்பிரமணியனும் ஆர். தங்கதுரையும் பதிப்பித்த அவருடைய கட்டுரைகளின் முழுத் தொகுப்பை இராமானுசன் கணிதக் கழகம் 2010-இல் வெளியிட்டது. இப்பதிப்பாசிரியர்களுள் பாலசுப்பிரமணியன், பிள்ளையின் காலத்தில் தீராதிருந்த நான்காம் அடுக்குப் பிரச்சினையைத் தீர்த்த மூவருள் ஒருவர்.

இராமானுசனுக்குப் பின் இந்தியாவில் எண் கோட்பாட்டை முன்னெடுத்துச் சென்றவர்களுள் பிள்ளையும் சௌலாவும் முதன்மையானவர்களாகக் கருதப்படுகின்றனர். பிள்ளை எழுப்பிய கேள்விகளுள் சில தீர்ந்துவிட்டன. முழு அடுக்குகளின் வேறுபாடு பற்றிய ஊகமும், பிள்ளை வரிசையின் ஆறாவது உறுப்பும் இன்னும் விடைக்குக் காத்திருக்கின்றன.